மறுமுனையில் அக்கா

அந்தக் கம்பெனியில் அவருக்குப் பெயர் காது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும், அதை யார் பார்த்தார்கள்? மேலதிகாரியிலிருந்து வாசல் காவலாளி வரை காது என்றால்தான் தெரியும். நேரில் ‘காது சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் காது. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு, ஏனென்றால் அவருடைய பிழைப்பே அந்தக் காதில்தான் இருந்தது.

செல்போன் புதிதாக வந்த காலம் அது. போன் என்றால் இப்போது மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறந்துபோகிற சமாச்சாரம் இல்லை. செங்கல் கனம் இருக்கும். அதற்குத் தீனி போட வேனின் பின் சீட்டில் தனியாக ஒரு பேட்டரிப் பெட்டி. எந்தத் தெருவில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, எந்தத் திருப்பத்தில் கரகரக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவர்களிடம் இருந்த ஒரே கருவி மனிதக் காது. இவர் வேனில் ஏறி, போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மடியில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு தாள். அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மதிப்பெண் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டால் ஐந்து. என்ன சொல்கிறார்கள் என்றே பிடிபடாவிட்டால் ஒன்று.

சரி, மறுமுனையில் விடாமல் பேச ஒரு ஆள் வேண்டுமே? அலுவலகத்து ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் ‘ஹலோ ஹலோ’வைத் தவிர வேறு பேச்சு வராமல் எழுந்து ஓடிவிட்டார்கள். அப்போதுதான் காது வாயைத் திறந்தார்.

“எங்க அக்காவ உட்கார வைக்கலாம் சார். அவள நிறுத்தச் சொல்றதுதான் கஷ்டம்.”

அக்கா ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். மூச்சிரைப்பு முற்றி, படியேற முடியாமல் வேலையை விட்டவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கு ஆசை? அவள் வீட்டு ஜன்னலோரம் கம்பெனி ஒரு தொலைபேசியை வைத்தது. காலையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அக்கா வாசிக்க ஆரம்பிப்பாள். தம்பி ஊரின் ஏதோ ஒரு மூலையில் வேனில் உட்கார்ந்து கேட்பார். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், இப்படி ஏழு வருஷம் ஓடியது.

வெறுமனே வாசித்துவிட்டுப் போகிற ரகமா அவள்? “இன்று மாலை மிதமான மழைக்கு வாய்ப்பு. குடை எடுத்துட்டுப் போனியாடா? எங்க எடுத்திருப்ப.” “கீழ்க்கண்ட சான்றிதழைத் தொலைத்துவிட்டேன், கண்டெடுப்போர் தெரிவிக்கவும். இவனுக்கெல்லாம் யாருடா பட்டம் குடுத்தது?” ரிசீவருக்கு வெளியே சிந்துகிற சத்தத்தைக் கேட்டே வேன் டிரைவர் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தப் பழைய அனலாக் லைனில் அடுத்தவர் பேச்சும் நடுவில் வந்து கலக்கும். ஒரு நாள் அக்கா வாசித்துக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒரு ஆள் சோபா வாங்கி ஏமாந்த கதையைக் கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். அக்கா நாளிதழை மடித்து வைத்துவிட்டு, “அந்த மனுஷன் பாவம், மாத்திக் குடுத்துடுங்கய்யா” என்றாள். இரண்டு பக்கமும் கப்சிப். காது அந்த இடத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் முழித்தார்.

அனலாக் லைனில் ஒளிவுமறைவு கிடையாது. ரிசீவருக்குள் போனது அப்படியே வரும், கூடவே வீடும் வரும். மின்விசிறி சுற்றுவது, தாள் புரள்வது, எதிர்வீட்டுக் கதவு சாத்துவது எல்லாம் கேட்கும். செல்போன் கோபுரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக மணல் கொட்டுகிற மாதிரி இரைச்சல் ஏறும். ஏறினாலும் அந்த மணலுக்கு அடியில் அக்காவின் குரலைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகலாம்.

முதல் வருஷத்திலேயே அது நடந்தது. பாதி வாசிப்பில் அக்கா நின்றுவிட்டாள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் வந்தது, விசில் மாதிரி, இழுத்து இழுத்து. இவர் உடனே லைனைத் துண்டித்துவிட்டு, அக்காவின் மாடிவீட்டுத் தையல்காரருக்கு போன் போட்டு ஓடச் சொன்னார். தையல்காரர் போய்ப் பார்க்கும்போது அக்கா மருந்துப் பம்பை உறிஞ்சிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தம்பிக்கு நல்ல மண்டகப்படி.

“யாரக் கேட்டுடா வச்ச? நீ இருக்கேன்னுதான் தைரியமா உட்கார்ந்திருந்தேன். டக்குன்னு வச்சதும் எனக்கு உயிரே போயிடுச்சு. கேட்டுக்க. இனிமே பேச முடியலன்னா மூச்ச மட்டும் விடுவேன். நீ வச்சிடாத. ‘இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இரு. அது போதும் எனக்கு.”

அதிலிருந்து அதுதான் அவர்களுக்குள் சட்டம். வாசிப்பு நின்று மூச்சு மட்டும் வந்தால், டிரைவர் சொல்லாமலே வேனை ஓரங்கட்டுவான். காது ஜன்னலை ஏற்றிவிட்டு, “இருக்கேன்க்கா… இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ கழித்து, “ம், எங்க விட்டேன்? விளையாட்டுச் செய்தி” என்று அக்கா தொடங்குவாள். வேன் கிளம்பும்.

அப்புறம் டிஜிட்டல் வந்தது. பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, எண்களாக்கி அனுப்பி, மறுபக்கம் திரும்ப ஒட்டுகிற வித்தை. மதிப்பெண் போட மடிக்கணினி வந்துவிட்டது. மறுமுனையில் பேசப் பதிவு செய்த குரல் வந்துவிட்டது. அக்காவுக்குக் கம்பெனி ஒரு நன்றிக் கடிதமும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பியது. “ஏழு வருஷம் கத்தினதுக்கு மணி பாக்கச் சொல்றானுங்க” என்றாள் அவள். காதுக்கு வேலை போகவில்லை. மனிதக் காது என்று ஒன்று ஒப்புக்குக் கையெழுத்துப் போட இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள்.

அப்படி அவர் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் ஒரு வசதி. பேசுகிறவர் பேசாமல் இருக்கும் நேரத்தில் அவருடைய போன் எதையும் அனுப்பாது, சும்மா இருக்கும். பேட்டரி மிச்சம், மற்றவர்களுக்கு இடைஞ்சலும் குறைவு. ஆனால் கேட்கிறவர் காதில் சுத்த அமைதி விழுந்தால், லைன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார் அல்லவா? அதனால் கேட்கிறவர் பக்கத்திலேயே ஒரு போலி இரைச்சலை உண்டாக்கி ஊற்றுவார்கள். ஏறாது, இறங்காது, ஒரே சீராக ‘உஸ்’ என்று இருக்கும். அதற்கு இன்ஜினியர்கள் வைத்த பெயர் ஆறுதல் இரைச்சல். வைத்தான் பாருங்கள் பெயர்!

எது பேச்சு, எது பேச்சில்லை என்று போனே முடிவு செய்யும். அதைச் சோதித்துச் சொல்லும் வேலை காதுக்கு வந்தது. பதிவு செய்த குரல் வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு முடியாத நாட்களுக்கென்று எப்போதோ எடுத்து வைத்த கேசட் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் போட்டார். அந்த வசதி இல்லாமல் கேட்டபோது ஒரு வாக்கியம், பிறகு இழுப்பு, அடுத்த வாக்கியம், மறுபடி இழுப்பு. வசதியைப் போட்டுவிட்டுக் கேட்டபோது ஒரு வாக்கியம், மெல்லிய ‘உஸ்’, அடுத்த வாக்கியம். இழுப்பைக் காணவே காணோம். தலைமை இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “கண்ணாடி மாதிரி இருக்கே” என்றார். காது ஐந்து மதிப்பெண் போட்டார். குறிப்பு என்ற கட்டத்தில், ‘மூச்சிரைப்பு முற்றிலும் நீங்கிவிட்டது, மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். எல்லாக் கோபுரங்களிலும் அதைப் போட்டுவிட்டார்கள்.

பெருமை தாங்காமல், கேசட்டையும் வசதியைப் போட்டு எடுத்த பதிவையும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அவளுக்கும் போட்டுக் காட்டினார். அக்கா தன் குரலைத் தானே கேட்டு வாயைப் பிளந்தாள். “டாக்டரால முடியாதத நீ பண்ணிட்டியேடா. இருபது வயசுக்காரி மாதிரி பேசுறேன்.”

அடுத்த வருஷம் அக்காவின் நெஞ்சு இன்னும் மோசமானது. தையல்காரர் தலைக்கு மேல் குடியிருந்த அந்த வீட்டில் அவளைத் தனியாக விட மனமில்லாமல், காதும் அவர் மனைவியும் கீழ்ப் பகுதியிலேயே அவளோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். பகலில் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். அதனால் காது அக்காவுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் போன் வாங்கி, கம்பெனியின் சோதனை எண் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ஒற்றைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தம்பிக்குப் போகும்.

“ஏதாவதுன்னா அழுத்துக்கா. பேசக்கூட வேணாம். மூச்சு விட்டாப் போதும், எனக்குத் தெரியும்.”

அவர்தான் சொன்னார். அந்தத் தாளில் எழுதியதும் அவர்தான், இதைச் சொன்னதும் அவர்தான். அட, இத்தனை வருஷம் காதாலேயே பிழைத்த மனுஷனுக்கு இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்று அந்த நிமிஷத்தில் உறைக்கவில்லை.

அக்கா போனை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தாள். பொத்தானைப் பூட்டி வைக்க மறந்துவிடுவாள். ஒரே வாரத்தில் மூன்று தடவை போன் தானாகவே தம்பியைக் கூப்பிட்டது. எடுத்தால் வெறும் ‘உஸ்’. வீட்டுக்குப் போய்க் கேட்டால், “நான் எங்கடா கூப்பிட்டேன், காய் நறுக்கிக்கிட்டிருந்தேன்” என்பாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மனைவி வேலைக்குக் கிளம்பும்போது அக்காவின் மூச்சு கொஞ்சம் வேகமாக இருப்பதைக் கவனித்தாள். “இருக்கட்டுமா அண்ணி?” என்று கேட்டாள். “எனக்கு ஒண்ணுமில்ல, நீ போம்மா. லேட்டாப் போய்த் திட்டு வாங்காத” என்று அக்கா விரட்டிவிட்டாள்.

பதினொன்று நாற்பதுக்கு வேன் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. மடிக்கணினி தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருக்க, காது ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அக்கா.

“சொல்லுக்கா.”

உஸ்.

“அக்கா? கேக்குதா?”

உஸ். சீரான, ஆளில்லாத இரைச்சல்.

“மறுபடியும் அக்கா போன் தனியாக் கிளம்பிடுச்சா சார்?” என்று டிரைவர் சிரித்தான்.

“பூட்டி வை, பூட்டி வைன்னு தலப்பாடா அடிச்சுக்கிறேன், கேட்டாத்தானே?” அவனிடம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு போனிடம், “அக்கா, கைபட்டுதான் வந்திருக்கு. வச்சிடுறேன்” என்றார். போனைக் காதிலிருந்து இறக்கினார். சின்ன பொத்தான், தடித்த கட்டைவிரல். தேடி அழுத்தினார். பச்சை விளக்கு விழுந்தது.

ஒன்றரை மணிக்குத் தையல்காரர் கூப்பிட்டார்.

அக்கா ஜன்னலோர நாற்காலியில், பழைய தொலைபேசி இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். போன் மடியில் இருந்தது. மருந்துப் பம்பு கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். “அது கைபட்டு வந்த கால்தாங்க. அதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க.” காதும் தலையாட்டினார். அதைத்தான் நம்பினார். நம்பாமல் என்ன செய்வது? அன்றைக்குக் கேட்டது வெறும் இரைச்சல் என்று சத்தியம் செய்ய அவருடைய காதே தயாராக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் அலமாரியை ஒழிக்கும்போது அந்தக் கேசட் கையில் அகப்பட்டது. சும்மா போட்டுப் பார்த்தார். ஒரு வாக்கியம், இழுப்பு, ஒரு வாக்கியம். அப்போதுதான் உறைத்தது. அக்காவின் போனை எடுத்துத் தன் எண்ணுக்குப் போட்டு, கேசட் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் போனோடு அடுத்த அறைக்குப் போனார். கதவை முழுக்கச் சாத்தவில்லை. இடது காதுக்குக் கதவிடுக்கு வழியாக அக்கா இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. வலது காதில் போன். அதில் உஸ் என்று இருந்தது. கேசட்டைத் திருப்பித் திருப்பி ஆறு தடவை போட்டார். ஆறு தடவையும் அப்படித்தான்.

மறுநாள் தலைமை இன்ஜினியர் முன்னால் போய் நின்றார்.

“அத எடுத்துடுங்க சார். மூச்சு போக மாட்டேங்குது.”

இன்ஜினியர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். முழுவதும் கேட்டார்.

“எடுத்தா எல்லார் போனும் பாதி நாள்ல செத்துடும். கோபுரத்துக்குக் கோபுரம் இரைச்சல் முட்டிக்கும். நான் மேல என்னன்னு சொல்றது? அவங்க ஃபைலத் திறந்தா உங்க கையெழுத்துதான் இருக்கு.”

“தெரியும் சார்.”

“அன்னைக்கு வந்தது கைபட்ட காலாக்கூட இருக்கலாம்ல?”

இருக்கலாம். அந்த ஒரு ‘லாம்’ மேல்தான் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அக்கா அப்போது லைனில் இருந்தாளா இல்லையா, இந்த ஒன்று தெரிந்தால் போதும் என்று பட்டது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்றும் பட்டது. மூன்று நாள் இந்த இழுபறியில் போனது. நாலாம் நாள், அழைப்புகளை இணைக்கிற சுவிட்ச் அறைக்குப் போனார்.

அக்காவிடம் இருந்தது சோதனை எண். அந்த எண்களின் ஒவ்வொரு அழைப்பும், சொல்லி வைத்தாலும் வைக்காவிட்டாலும், விலாவாரியாகப் பதிவாகும். சுவிட்ச் அறையில் இருந்த பெண் தேதியையும் நேரத்தையும் கேட்டு எடுத்துக் கொடுத்தாள். முப்பத்தெட்டு விநாடி. அரை விநாடிக்கு ஒரு வரி, எழுபத்தாறு வரி. ஒவ்வொரு வரியிலும் இரண்டு கட்டம். ஒன்று கூப்பிட்டவர் பக்கம், மற்றது எடுத்தவர் பக்கம். பேச்சு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி.

காது ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினார். அக்கா பக்கம் சுழி, சுழி, சுழி. தன் பக்கத்தில் இரண்டு ஒன்றுகள், அது ‘சொல்லுக்கா’. கொஞ்சம் தள்ளி ‘அக்கா, கேக்குதா’. அப்புறம் நீளமாக ஒரு வரிசை, அது டிரைவரிடம் சலித்துக்கொண்டது. அதையும் அனுப்பியிருக்கிறது. அக்கா பக்கம் எல்லாம் சுழிதான். மனசு கொஞ்சம் இளக ஆரம்பித்தது. கடைசியில் தன் பக்கத்தில் மறுபடியும் ஒன்றுகள், ‘கைபட்டுதான் வந்திருக்கு, வச்சிடுறேன்’.

அதற்குக் கீழே மூன்று வரி இருந்தது. தன் பக்கம் மூன்றிலும் சுழி. அக்கா பக்கம் ஒன்று, ஒன்று, ஒன்று. அதோடு பதிவு முடிந்தது.

அவர் கட்டைவிரல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

போன் மடியில் நழுவி விழுந்த சத்தமாக இருக்குமோ? மேஜை மேல் கையால் தட்டிப் பார்த்தார். அதற்கு ஒன்றரை விநாடி ஆகாது. கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொல்லிப் பார்த்தார். “வச்சிடாத.” மூச்சுத் திணறுகிறவள் சொன்னால் ஒன்றரை விநாடி சரியாக இருக்கும். “டேய் தம்பி.” அதுவும் சரியாகத்தான் இருந்தது. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாரோ, அந்தப் பெண் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டாள்.

“என்ன சார், அந்தக் கால்ல ஏதாவது கோளாறா?”

“இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.”

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் எங்கே போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து, கிளம்பாமல் இருந்திருக்கலாமே என்று அவளும் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தவள்தான். எழுந்திருக்காமலே அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க தெரிஞ்சுது? அண்ணி அப்போ…”

“கைபட்டுதான் வந்திருக்கு” என்றார் காது. “முப்பத்தெட்டு விநாடியும் ஒரு சத்தமும் இல்ல. அதுக்கு முன்னாடியே போயிட்டா.”

“அப்பாடா” என்று அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, இருபது நாளில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.